மறைமலையடிகளாரும் யாக்கையின் நெகிழ்ச்சியும்

நாகப்பட்டினத்தை அடுத்த காடம்பாடியிலே, 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், சொக்கநாத பிள்ளை என்பார்க்கும் அவர்தம் வாழ்க்கைத்துணைவியார் சின்னம்மையார்க்கும், நெடுநாள் வேண்டுதலின் பயனாக ஓர் ஆண்மகவு தோன்றிற்று. திருக்கழுக்குன்றத்து எழுந்தருளிய வேதகிரிப் பெருமானிடத்து வைத்த அன்பினாலே பெற்றோர் அம்மகவுக்கு வேதாசலம் எனப் பெயரிட்டனர். தந்தையார் மருத்துவத் தொழிலினர். அப்பிள்ளையே பின்னாளில் மறைமலையடிகள் என்று தமிழகமும் ஈழமும் போற்ற விளங்கியவர்.

அடிகளாரின் தமிழ்ப்புலமை, ஆராய்ச்சித்திறம், சொற்பொழிவாற்றல் ஆகியவற்றைப் பற்றி எழுதினோர் பலர். அவற்றையெல்லாம் மீண்டும் விரித்தல் எமது கருத்தன்று. உடம்பைப் பேணுதல் என்னும் ஒரு பொருளிலே அடிகளார் தம் வாழ்நாளில் நெடுங்காலம் கருத்தூன்றி உழைத்தனர். அதன்பொருட்டுத் தமிழில் நூல்களும் இயற்றினர். சைவ நன்மக்களுள் அந்நூல்களைக் கையிலெடுத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. துறவுக் கோலம் பூண்ட ஒருவர் உடம்பைப் பற்றி இத்துணைக் கவலை கொள்வானேன் என்று முகஞ்சுளித்தவர்களும் அந்நாளிலேயே இருந்திருப்பர். அந்த ஐயத்தை நடுவில் வைத்துக்கொண்டு அவர் வரலாற்றை ஒருமுறை நோக்குவோம்.

நாகையிலிருந்த வெசுலியன் கிறித்தவப் பள்ளியிலே வேதாசலனார் ஆங்கிலம் பயின்றனர். இளமையிலேயே தந்தையாரை இழந்தமையால் பள்ளிப்படிப்பு இடையிலே நின்றுபோயிற்று. ஆயினும் அவ்வூரிற் புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரை அடுத்துச் சங்க நூல்களையும் தொல்காப்பியத்தையும் முறையாகக் கற்றனர். கடையில் விற்பனைக்கு வரும் ஏடுகளையே பாடப்புத்தகமாகக் கொண்டு படித்த அந்நாள் மாணாக்கரின் வேட்கை இந்நாளில் அரிது. சைவசித்தாந்தத்திலே அவர்க்கு ஆசிரியராய் வாய்த்தவர், சண்டமாருதம் எனப் புகழ்பெற்ற சூளை சோமசுந்தர நாயகர். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களின் நட்பினால் திருவனந்தபுரத்திற் சிறிதுகாலம் ஆசிரியராய் இருந்தனர். பின்னர்ச் சென்னைக்கு வந்து, நல்லசாமிப் பிள்ளையவர்கள் நடாத்திய சித்தாந்த தீபிகையிற் பணிபுரிந்தனர். 1898ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தனர். அங்கே தமிழ்த்துறைக்குத் தலைவராயிருந்தவர் பரிதிமாற் கலைஞர் என்னும் சூரியநாராயண சாத்திரியார்.

கல்லூரியில் இருந்த பதின்மூன்று ஆண்டுகளும் ஓயா உழைப்பின் ஆண்டுகள். 1902இல் ஞானசாகரம் என்னும் திங்களிதழைத் தொடங்கினர். முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை கண்டனர். காளிதாசரின் சாகுந்தலத்தைத் தமிழாக்கினர். அருட்பா பற்றி எழுந்த பெரும்பூசலிலே, நா. கதிரைவேற்பிள்ளையவர்களுக்கு எதிர்நின்று, இராமலிங்க வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்று மேடைதோறும் நிலைநாட்டினர். 1905இல் சைவசித்தாந்த மகாசமாசம் தோன்றுதற்கு ஞானியாரடிகளோடு முன்னின்றனர். ஒருவரே பகலிற் பாடஞ்சொல்லி, இரவில் எழுதி, விடுமுறை நாளில் ஊரூராய்ச் சென்று சொற்பொழிவாற்றுதல் உடம்புக்கு எத்துணைச் சுமை என்பதை, எழுத்துவேலையிற் காலங்கழித்த எம்போல்வார் நன்கு அறிவர். பிடரி இறுகும், தோள் உயர்ந்து நின்றுவிடும், முதுகு வளைந்த வளைவிலேயே உறையும். பண்டைப் புலவர்கள் ஏட்டைத் தொடைமேல் வைத்துக் குனிந்து எழுதினர். அவர்களது கூன் புலமையின் அடையாளம் என்று கருதப்பட்டதன்றி, நோயென்று கருதப்பட்டதில்லை.

பல்கலைக்கழகத்தார் பட்டப்படிப்பிலே தமிழைக் கட்டாயப் பாடமாக வையாது விட்டமையின், 1911இல் அடிகளார் கல்லூரிப் பணியினின்று நீங்கினர். நீங்கியவர் நகரத்தில் வேறு வேலை தேடாது, அவ்வாண்டு மே முதலிலேயே பல்லாவரத்திற்குக் குடிபுகுந்தனர்.

இன்று தாம்பரம் மாநகராட்சியுள் அடங்கி, வானூர்தி இரைச்சலும் பெருஞ்சாலை நெரிசலுமாய்க் கிடக்கும் பல்லாவரத்தைக் கண்டோர்க்கு, அன்றைய பல்லாவரத்தை எண்ணிப்பார்த்தல் எளிதன்று. பல்லவர் காலத்துக் குடைவரையைத் தன்மேற் கொண்ட குன்றும், அடுத்துத் திரிசூலநாதர் எழுந்தருளிய மலைசூழ் கோயிலும், ஏரியும் வயலுமாக அமைந்த சிற்றூர் அது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சாரப் புகைவண்டி ஓடத்தொடங்கியது 1931இல்தான். அடிகளார் வந்த காலத்தில் நகரத்தின் ஆரவாரம் அவ்வூரை எட்டவில்லை. தூய காற்றை நாடி மக்கள் இத்தென்பகுதிக்கு வருதல் பின்னர் மிகுந்தது. 1928இல் மருத்துவர் சௌரிமுத்து என்பார் காசநோயாளர்க்குத் திறந்தவெளிக் காற்றையே மருந்தாகக் கொண்ட நிலையமொன்றைத் தாம்பரத்தில் நிறுவினர். அப்பெயராலேயே இன்றும் ஒரு புகைவண்டி நிலையம் அழைக்கப்படுகின்றது. அவர்க்குப் பதினேழு ஆண்டு முன்னரே அடிகளார் இப்பக்கத்துக்கு வந்து அமர்ந்துவிட்டனர்.

அதே 1911இல் அடிகளார் துறவுக்கோலம் பூண்டனர். மனைவி மக்களோடு ஓரகத்திருந்தே காவியுடுத்தமையைப் பலர் குறைகூறினர். இவ்வொழுக்கம் மடங்களின் முறைக்கு மாறானதே. அதனை யாம் மறையாது கூறுவோம். ஆயினும் அகத்தே பற்று நீங்குதலே துறவென்று கொண்டு, குடும்பத்தை நட்டாற்றில் விடாது காத்தவரை எளிதிற் பழித்தலும் ஆகாது. 1912இல் சமரச சன்மார்க்க நிலையம் என ஒன்றைப் பல்லாவரத்தில் அமைத்தனர். அதுவே பின்னர்ப் பொதுநிலைக் கழகம் எனப் பெயர்மாறியது. நிலையத்தின் பெயரே அவர் எவர்வழிச் சென்றனர் என்பதைக் காட்டும். வள்ளற்பெருமான் உடம்பை வெறுக்கத்தக்க மலப்பாண்டமென ஒதுக்காது, அருள் நிறைதற்குரிய கலமெனக் கண்டவர். அக்கருத்து அடிகளாரின் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது.

1916ஆம் ஆண்டிலே நிகழ்ந்ததொன்று தமிழர் பலரும் அறிந்தது. அடிகளார் தம் மகளார் நீலாம்பிகையாரோடு பல்லாவரத்துத் தோட்டத்தில் உலாவுகையில், அருட்பாப் பாடல் ஒன்றைப் பாடினர். அதில் தேகம் என்னும் வடசொல் வரும் இடத்தில் யாக்கை என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் இன்பம் மிகும் என்று அவர்க்குத் தோன்றிற்று. அதனை மகளார்க்கும் கூறினர். அன்றுதொட்டு இருவரும் தனித்தமிழே வழங்குவதென உறுதிபூண்டனர். வேதாசலம் மறைமலை ஆயினது அவ்வாறே. ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் மொழிநோக்கில் மட்டும் கூறி அமைவர். அவ்வியக்கத்திற்கு வித்திட்ட சொல், உடம்பைக் குறித்த சொல்லாய் இருந்தமையை எவரும் கருதினாரல்லர்.

யாக்கை என்பது யாத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. யாத்தல், கட்டுதல். தோல், குருதி, ஊன், நரம்பு, என்பு முதலியவற்றால் கட்டப்பட்டமையின் யாக்கை எனப்பட்டது. தேகம் என்னும் சொல்லில் இக்காட்சி தமிழ்ச்செவிக்குப் புலப்படாது. கட்டப்பட்டது என்ற அளவில், கட்டு இறுகுதலும் நெகிழ்தலும் உண்டென்பதும் சொல்லிலேயே விளங்குகின்றது. இறுகிய கட்டு நோய்க்கும், முற்றும் அவிழ்ந்த கட்டு இறப்புக்கும் அறிகுறி. இடையில், வேண்டியபோது இறுகவும் வேண்டாதபோது நெகிழவும் வல்ல கட்டே நலமுடைய யாக்கை. இப்பொருள் விரிவு எமது. அடிகளார் கூறியதாகக் கொள்ளற்க.

உடம்பைப் பற்றிச் சித்தாந்தத்தின் துணிபு என்ன? உயிர் அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் கூட்டுவிக்கின்றான். அவற்றுள் முதலாவதாகிய தனுவே இவ்வுடம்பு. ஆகவே அஃது இறைவன் தந்த கருவி. பகையும் அன்று, உறவும் அன்று. திருமூல நாயனார் தமது மூன்றாந் தந்திரத்திலே இயமம் முதலாகச் சமாதி ஈறாக எட்டுறுப்புக்களையும் முறைப்பட மொழிந்தருளினர். உடம்பை இழிவென்று எண்ணியிருந்த நிலையும், அதனுள் உத்தமன் கோயில்கொண்டமை அறிந்து பேணத்தொடங்கிய நிலையும் அவர் வாக்காலேயே அறியலாவன. அப்பரடிகள் திருவங்கமாலையில் தலைமுதற் கால்வரை ஒவ்வோருறுப்பையும் தனித்தனி விளித்து வழிபாட்டிற்கு அழைக்கின்றனர். அழைக்கப்பட்ட உறுப்பு வளைந்து வாராதாயின் என் செய்வது?

இது நகைப்புக்குரிய வினாவன்று. சைவனுக்கு உடம்பின் நெகிழ்ச்சியால் ஆவது அழகுமன்று, பிறர் வியக்கும் வித்தையுமன்று. கொடிமரத்தின்முன் எட்டுறுப்பும் நிலத்திற்படிய வீழ்ந்து எழுதல் ஆடவர்க்கும், ஐந்துறுப்புப் படிய வணங்குதல் மகளிர்க்கும் விதிக்கப்பட்டன. இளமைதொட்டு அங்ஙனம் வணங்கிவந்த முதியவர் பலர், அறுபது கடந்தபின் முழங்கால் மடங்காமையாலும் இடுப்பு வளையாமையாலும், நின்றபடியே கைகூப்பி மீளுதலைத் திருவான்மியூர் மருந்தீசர் திருமுன்னும் திரிசூலத்திலும் யாம் நாடோறும் காண்கின்றோம். வீழ்ந்து வணங்க மாட்டாமையால் அவர்கள் உள்ளத்தே படும் துயரம் சிறிதன்று. மானத வழிபாடு உண்டெனினும், உடம்பு உள்ளளவும் உடம்பாற் செய்யும் சரியையை விட்டுவிட எவர்க்கும் மனம் ஒப்புவதில்லை. தரையில் அமர்ந்து பூசை செய்தலும், பூப்பறித்தலும், திருவலகு இடுதலும் இவ்வாறே உடம்பின் இசைவை வேண்டுவன.

இனி அடிகளாரின் நூலுக்கு வருவோம். 1922இல் யோகநித்திரை அல்லது அறிதுயில் என்னும் நூல் வெளிவந்தது. காலத்தை நோக்குமின். குவலயானந்தர் உலோணாவாலாவில் யோக ஆராய்ச்சி நிலையம் கண்டது 1924இல். கிருட்டினமாசாரியர் மைசூர் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது 1933இல். பீகாரத்துச் சத்தியானந்தர் யோகநித்திரை என்னும் பெயராற் பயிற்சிமுறையொன்றைப் பரப்பியது அதற்கும் நெடுங்காலம் பின்னர். இன்று உலகெங்கும் வழங்கும் இச்சொல்லைத் தலைப்பாகக் கொண்டு பல்லாவரத்துத் தமிழர் ஒருவர் அவர்கட்கெல்லாம் முன்னரே நூல் எழுதியிருந்தனர். அறிதுயில் என்னும் சொல்லும் பண்டையது. பழந்தமிழ் நூல்கள் அதனைத் திருமாலின் பாற்கடற் பள்ளிக்கே வழங்கின. சிவநெறியிற் பிடிவாதமுடைய அடிகளார் அச்சொல்லைத் தயங்காது எடுத்து மக்கட்குரியதாக்கியது எமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருகின்றது.

அந்நூற்பொருளின் ஒருபாதி மேல்நாட்டினின்று வந்தது என்பதையும் ஒளியாது கூறல்வேண்டும். மெசுமர் என்பார் தொடங்கி, பிரெய்டு என்னும் இசுகாத்துலாந்து மருத்துவர் திருத்திய துயிற்கலை அந்நாளிற் பெரிதும் பேசப்பட்டது. நம் நாட்டிலேயே 1845 அளவில் வங்காளத்து ஊக்ளியில் எசுடெயில் என்னும் மருத்துவர் அத்துயிலில் நோயாளரை ஆழ்த்தி அறுவை செய்தனர். மயக்கமருந்து பரவுதற்கு முந்திய காலம் அது. அடிகளார் ஆங்கில நூல்களை விலைகொடுத்து வாங்கி வாங்கிப் படித்தவர். மனிதவசியம், தொலைவிலுணர்தல் என்னும் பொருள்கள்மேலும் நூல் எழுதினர். இவற்றுள் தொலைவிலுள்ளார் உள்ளத்தைக் கருவியின்றி உணர்தல் என்பதனைப் பிற்கால ஆராய்ச்சி ஏற்றுக்கொள்ளவில்லை. சான்றோர் கூறியது என்பதனாலேயே அனைத்தையும் தாங்கிப் பிடித்தல் அவர்க்குச் செய்யும் பெருமையன்று. நூலிற் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. உறங்காது உறங்குங்கால் உடம்பு தன்னைத் தானே தளர்த்திக்கொள்ளும், மனம் அமைதியுறும், அமைதியுற்ற மனத்தின் எண்ணம் உடம்பின்மேற் செல்லும். இம்மூன்றும் நிலைத்த உண்மைகளே.

இதன் வேர் நம் நாட்டதே. பதஞ்சலியார் இருக்கை இத்தகையதெனக் கூறுங்கால், அஃது உறுதியும் இனிமையும் உடையதாதல்வேண்டும் என்றும், முயற்சி தளர்தலால் அது கைகூடும் என்றும் வகுத்தனர். முயற்சியால் அன்று, முயற்சி தளர்தலால் என்பதே உற்றுநோக்கற்பாலது. அடயோகப் பிரதீபிகை இயற்றிய சுவாத்துமாராமர், ஆசனத்தால் உறுப்புக்கள் இலேசாகும் என்று பயன் கூறினர். பிணம்போல் மல்லாந்து கிடக்கும் சவாசனத்தைப் பிற ஆசனங்களின் இளைப்பை நீக்குவதாகவும் உள்ளத்திற்கு ஓய்வு தருவதாகவும் வைத்தனர். அமெரிக்க நாட்டுச் சிகாகோவில் சேக்கப்சன் என்னும் மருத்துவர், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கியும் தளர்த்தியும் பழகும் முறையை விரித்து 1929இல் நூல் வெளியிட்டனர். அடிகளாரின் நூலுக்கு அது ஏழாண்டு இளையது.

தளர்ந்து கிடத்தற்கும் வளைந்து கொடுத்தற்கும் இயைபு யாது என வினவலாம். யாம் அறிந்தவாறு அதனைச் சொல்லுவோம். தசை ஒன்றைச் சட்டென இழுத்தால், இழுப்பை உணரும் நுண்கருவிகள் அத்தசையினுள்ளேயே உள. அவை தண்டுவடத்துக்குச் செய்தி விடுக்க, மூளையைக் கேளாமலே தசை எதிர்த்துச் சுருங்கும். இலிடெல், செரிங்டன் என்னும் இருவர் 1924இல் இதனை விளக்கினர். ஆகவே குனிந்து பாதத்தைத் தொடவேண்டுமென்று குலுங்கிக் குலுங்கி முயலுவோர், தம் தசையோடு தாமே போராடுகின்றனர். மெல்லச் சென்று, எட்டிய இடத்தில் நின்று, மூச்சை நீள விடுவோர்க்கு அவ்வெதிர்ப்புத் தணியும். இன்னும் ஒன்று. சில கிழமைப் பயிற்சியால் உடம்பு மிகுதியாய் வளையத்தொடங்குவது தசை நீண்டமையால் மட்டும் அன்று. இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை நரம்பிடத்தே கூடுதலே பெருங்காரணம் என்று அண்மைக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். வலிக்கு அஞ்சித் தசைகள் இறுகிப் பிடித்த மூட்டு, மயக்கமருந்தில் ஆழ்த்திய பொழுது எளிதில் அசைதலை மருத்துவர் கண்டுள்ளனர். அங்ஙனமாயின் அவ்விறுக்கத்தின் ஒரு பகுதி, விழித்திருக்கும் அச்சத்தின் வேலை என்பது பெறப்படும். எலும்பு தேய்ந்தமையாலும் மூட்டுறை சுருங்கியமையாலும் வரும் விறைப்பு வேறு. அது தளர்த்தினாற் போகாது. ஆயினும் எளிதில் தீரத்தக்க பகுதியைத் தீராதென்று விட்டுவிடுதல் மடமை.

முதியோர் செய்யத்தக்க முறை எளியது. விரிப்பில் மல்லாந்து படுத்து, கால்களைச் சிறிது அகற்றி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்துக் கண்ணை மூடுக. வலக்காற் பெருவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வோருறுப்பாகக் கருத்தைச் செலுத்தி, அங்கே பிடித்துவைத்திருக்கும் இறுக்கத்தை விடுக. தாடையும் நாவும் நெற்றியும் மறக்கப்படும் இடங்கள், தோளும் அவ்வாறே. உறங்கிப்போகாது அறிவோடு இருத்தலே அறிதுயில் என்பதை நினைக. கால்மணி நேரத்தின் பின், எழாமலே ஒரு முழங்காலை மார்பை நோக்கி மெல்லக் கொணர்ந்து, முப்பது விநாடி அளவில் நிறுத்தி, விடுக. மற்றைக் காலும் அவ்வாறே. சில நாள் கழித்து, நாற்காலியைப் பற்றிக்கொண்டு மண்டியிட்டு எழுதலைப் பழகலாம். உண்டவுடன் செய்யற்க. என்பு மெலிந்தோர் முன்குனியும் பயிற்சிகளை மருத்துவரைக் கேளாது செய்யற்க. முதுகெலும்பு நொறுங்குதலும் நேரும். எரிச்சலோ குத்தலோ தோன்றினால் அவ்விடத்தினின்று பின்வாங்குக. அஞ்செழுத்தை உள்ளே எண்ணிக்கொண்டு மூச்சை விடுதல் சைவர்க்கு எளிய அளவுகோல், கடிகாரம் வேண்டா.

சூன் 21ஆம் நாளை உலக யோக நாளாக 2015 முதற் கொண்டாடுகின்றனர். நன்று. குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் விடியற்காலைப் பூங்காக்களில் விரிப்பிட்டு மூத்தோர் உடம்பை வளைக்கின்றனர், அதுவும் நன்றே. ஆனால் பக்கத்திலிருப்பவர் பாதத்தைத் தொட்டுவிட்டார், நம்மால் தொட இயலவில்லையே என்று பல்லைக் கடித்து முயலும் முகங்களையும் அங்கே காண்கின்றோம். சித்தாந்த முறையில் யோகம் என்பது சரியை கிரியைகளுக்கு மேற்பட்ட மூன்றாம்படி. இறைவனைத் தோழனாகக் கருதி ஒழுகும் சகமார்க்கம். சுந்தரமூர்த்தி நாயனார் அதற்குச் சான்று. தோழமையில் பல்லைக் கடித்தல் ஏது?

1933இல் அடிகளார், மக்கள் நூறாண்டு உயிர்வாழ்தல் எப்படி என்னும் பெருநூலை வெளியிட்டனர். உடல்நலம் பற்றித் தாம் படித்ததும் பழகிக் கண்டதும் அதில் நிரம்பியுள்ளன. புலாலுணவை நீக்கல் அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய அறம். இந்நூலின் பெயரைக் கேட்டவுடன் எள்ளுவோர் ஒரு கேள்வி கேட்பர்: நூறாண்டு வாழும் வழி கூறியவர் எழுபத்துநான்கு ஆண்டே வாழ்ந்தனரே என்பர். இதற்கு விடை மழுப்புதல் வேண்டா. நூறாண்டு என்பது அவர்க்குக் கைகூடவில்லை. சித்தாந்திகட்கு இதில் வியப்பும் இல்லை. வாழ்நாள் வினைக்கு ஈடாய் வரையறுக்கப்பட்டது. பிராரத்தத்தை எப்பயிற்சியும் நீட்டாது. தந்த நாளில் கருவியைத் துருப்பிடியாது வைத்திருப்பதே நம்மால் ஆவது. அவர் பிறந்த காலத்தில் இந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் ஐம்பதை எட்டாமலே மாண்டனர் என்பதையும் எள்ளுவோர் நினைப்பது நன்று. எழுபதைக் கடந்தும் எழுதுகோலை வையாதிருந்த கையை உடைய ஒருவர், உடம்பைப் பற்றி எழுதியது வீண் என்று எவ்வாறு கூறுவது?

அடிகளாரின் பிற்காலம் அமைதியானதன்று. மாணிக்கவாசகர் வரலாறும் காலமும் என்னும் பேராராய்ச்சி 1930இல் வெளிவந்தது. 1937இல் பள்ளிகளில் இந்தி புகுத்தப்பட்டபொழுது அதனை எதிர்த்து முன்னின்றனர். அவ்வாண்டிலேதான், அவர் விட்டுவந்த கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்து வந்தது. ஆசிரியர் நீங்கி இருபத்தாறு ஆண்டு கழித்துக் கல்லூரியே அவரிருக்கும் திசைக்கு வந்தமை ஒரு வேடிக்கை. அருமை மகளார் நீலாம்பிகையாரும் இறந்தனர். யாக்கை என்னும் சொல்லைத் தோட்டத்தில் தந்தையார் வாயினின்று கேட்ட பதின்மூன்று வயதுச் சிறுமி, தாமும் தனித்தமிழ் நூல்கள் பல இயற்றிப் புகழ்பெற்று, தந்தையார்க்கு முன்னரே யாக்கையை நீத்தனர். முதுமையில் அவ்விழவு அடிகளார்க்கு எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1950ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அடிகளார் இறைவன் திருவடி எய்தினர். ஏறத்தாழ 4000 நூல்களைக் கொண்ட அவர்தம் நூற்றொகுதி, சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் முயற்சியால் 1958இல் மறைமலையடிகள் நூல்நிலையமாய்ப் பொதுமக்கட்குத் திறக்கப்பட்டது. தாம்பரத்திற்குத் தெற்கே பெருஞ்சாலையோரம் எழுந்த புதுநகர் மறைமலைநகர் என்னும் பெயர் பூண்டது. கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் புகைவண்டி, அவர் வாழ்ந்த பல்லாவரத்திலும் அவர் பெயர் தாங்கிய அந்நகரிலும் நின்று செல்கின்றது.